செம்பட்டைத் தலைப் பையன்: மௌனப் படமா, பேசும் படமா, ஃபெய்டரின் படமா?

பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் ரெனாரின் 'புவால் தெ கரோத்' (செம்பட்டைத் தலைப் பையன்) கதையைப் படமாகப் பார்க்க எது நல்லது என்று கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது. ழூலியன் துவிவியே என்ற ஒரே இயக்குநர் அதை இரண்டு தடவை எடுத்திருக்கிறார்: 1925இல் மௌனப் படமாக, 1932இல் பேசும் படமாக. இது போதாதென்று, மௌனப் படக் காலத்துக் கிராமத்துச் சிறுவன் என்று தேடுகிறவர்களின் கையில் இன்னொரு படமும் வந்து சேரும். ழாக் ஃபெய்டர் எடுத்து, 1925இல் திரைக்கு வந்த 'விசாழ் தான்ஃபான்'. தமிழில் 'குழந்தைகளின் முகங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் மலை, வயல், மாடு, தேவாலயம், தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைக்கிற ஒரு பையன். சுருக்கத்தைப் படித்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பார்த்தால் அப்படி இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒன்றுதான் பார்ப்பேன் என்பவருக்கு 1932 படம். மௌனப் படமே பார்த்துப் பழகாத நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டுவதாக இருந்தால் ஃபெய்டர். துவிவியேயின் இரண்டையும் பார்க்க நேரம் இருப்பவர் கட்டாயம் 1925 படத்தில் தொடங்க வேண்டும். வரிசையை மாற்றினால் மௌனப் படம் கெட்டுப்போகும். ஏன் என்று சொல்ல, கதை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரெனாரின் புத்தகம் 1894இல் வந்தது. நாவல் என்று சொல்கிறார்களே தவிர, தொடர்ந்து ஓடுகிற கதை அதில் கிடையாது. இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று சின்னச் சின்னத் துண்டுகள். முதல் துண்டைச் சொன்னாலே மொத்தமும் பிடிபட்டுவிடும். இரவு நேரம். கோழிக்கூட்டை வேலைக்காரி அடைக்க மறந்துவிட்டாள் என்று திருமதி லெப்பிக் கண்டுபிடிக்கிறாள். மூத்தவன் ஃபெலிக்ஸிடம் சொல்கிறாள்; அவன் அசைய மாட்டான். மகள் எர்னஸ்டினிடம் சொல்கிறாள், அவளுக்குப் பயம். அப்புறம்தான் மேசைக்கு அடியில் இருக்கிற கடைக்குட்டி ஞாபகத்துக்கு வருகிறான். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. அவனுக்கு அந்த வீட்டில் பெயரே கிடையாது, தலைமுடியை வைத்து வந்த பட்டம்தான். இருட்டில் நடுங்கிக்கொண்டே ஓடிப் போய்க் கதவை அடைத்துவிட்டு, மூச்சு வாங்க, பெருமையோடு திரும்பி வருகிறான். யாராவது ஒரு வார்த்தை பாராட்டுவார்கள் என்று நிற்கிறான். அண்ணனும் அக்காவும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா சாதாரணமாகச் சொல்கிறாள்: இனிமேல் தினமும் இராத்திரி நீதான் போய் அடைக்க வேண்டும்.

இன்னொன்று, முலாம்பழம். உனக்கு மிச்சம் இல்லை, உனக்கும் என்னைப் போல அது பிடிக்காதே என்று அம்மா முடிவு கட்டிவிடுகிறாள். சரி, எனக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று பையனும் ஏற்றுக்கொள்கிறான். பிறகு மற்றவர்கள் தின்று போட்ட தோலை முயலுக்குக் கொடுக்க எடுத்துப் போகிறவன், கூட்டுக்குள் முயல்களோடு உட்கார்ந்து, தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டித் தின்கிறான்.

அடி, உதை, பட்டினி என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெளியாள் யாராவது அந்த வீட்டைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. பையனுக்கு வேலை வைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டில் ஆயுதம் பேச்சு. அம்மா ஓயாமல் பேசுகிறாள். பேச்சிலேயே கட்டளை, பேச்சிலேயே குத்தல், விருந்தாளி வந்தால் அதே வாயில் தேன். அப்பா லெப்பிக் இதற்கு நேர் எதிர், வாயே திறக்க மாட்டார். மனைவியோடு பேச்சை நிறுத்திக்கொண்ட மனிதர். தன்னைக் காத்துக்கொள்ள அவர் கட்டிக்கொண்ட மௌனம் பையனைக் காப்பாற்றவில்லை. ரெனாரின் கதையில் எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது அம்மாவின் நாக்கு அல்ல, இந்த அப்பாவின் சும்மா இருத்தல்தான்.

இது பெரும்பாலும் ரெனாரின் சொந்த வீட்டுக் கதை. 1864இல் பிறந்து, நியேவ்ர் பகுதியில் ஷித்ரி-லெ-மீன் என்ற ஊரில் வளர்ந்தவர், அவருக்கும் செம்பட்டை முடி. அப்பா 1897இல் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அம்மா 1909இல் வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தார். தவறி விழுந்தாரா, தானாக விழுந்தாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு ரெனாரும் போய்விட்டார். நடுவில் 1900இல் இந்தக் கதையைச் சுருக்கி ஓரங்க நாடகமாக்கி, பாரிஸில் அந்த்வான் அரங்கில் மேடை ஏற்றினார். பையன் வேடத்தில் நடித்தவர் சுசான் தெப்ரே என்ற நடிகை. நாடகத்துக்கு இது பொருந்தும். எல்லாம் பேச்சில் நடக்கிற கதை, மேடையும் பேச்சை நம்புவது.

மௌன சினிமாவுக்கு இது பொருந்துமா? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓயாமல் பேசுகிற அம்மாவும் பேசவே பேசாத அப்பாவும் மௌனப் படத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். இரண்டு பேரிடமிருந்தும் சத்தம் வராது. அப்பா வாய் மூடியிருக்கிறார் என்பதைக் காட்சிக்கு நடுவே எழுத்து அட்டை போட்டுச் சொல்லலாம், ஆனால் அந்த மௌனத்தின் எடையைக் காதால் உணர முடியாது. எல்லாரும் ஊமையாக இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் ஊமையாக இருப்பதை எப்படிக் காட்டுவது?

1925இல் துவிவியேக்கு வயது 29. திரைக்கதையில் முதலில் கை வைத்தவர் ஃபெய்டர் என்பது இந்த ஒப்பீட்டில் சுவையான செய்தி. மூன்று படங்களும் உறவுக்காரர்கள்தான். துவிவியே கண்டுபிடித்த வழி, அம்மாவைக் காதிலிருந்து கண்ணுக்கு மாற்றுவது. திருமதி லெப்பிக்காக வரும் ஷார்லொத் பார்பியே-க்ராஸின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மேலுதட்டில் மீசைக் கோடு தெரிய, இறுகிய வாயும் இடுக்கிய கண்ணுமாக நிற்கிறார். அவரை அழகாகக் காட்ட வேண்டும், நியாயப்படுத்த வேண்டும் என்று படம் நினைக்கவே இல்லை. அத்தோடு நிற்காமல், ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுகிற உத்தியால் அந்த முகத்தைப் பையனின் மனசுக்குள்ளும் கொண்டுபோகிறார். அவள் அறையில் இல்லாதபோதும் இருக்கிறாள். ஊர்வம்பு பேசுகிற காட்சியிலும் இதே உத்தி வேறு விதமாக வேலை செய்கிறது. சத்தம் இல்லாத சினிமா வாயாடித்தனத்தை இப்படித்தான் காட்ட முடியும் என்று தோன்றும்.

இதனால் 1925 படம் முழுக்க முழுக்கப் பையனின் கண்ணில் விழுகிற அம்மாவின் படமாகிவிட்டது. இது பெரிய பலம். குழந்தை பயப்படுகிறபோது எதிரில் நிற்கிற பெரியவரின் வார்த்தைகள் முழுசாகக் காதில் ஏறுவதில்லை. முகம்தான் பெரிதாகத் தெரியும். பேசும் படம் இதை இழந்துவிட்டது என்றே சொல்வேன். 1932இல் அதே பாத்திரத்தில் வரும் கத்ரீன் ஃபோந்த்னே நன்றாக நடிக்கிறார், ஆனால் அவர் ஒரு கடுகடுப்பான மனுஷி, அவ்வளவுதான். 1925இல் இருப்பது கெட்ட கனவு.

பையனாக வரும் ஆந்த்ரே ஓசே சாமர்த்தியமான சிறுவன். துறுதுறுவென்று இருக்கிறான், பரிதாபத்தைக் கேட்டு வாங்குவதில்லை. அப்பா ஹென்றி க்ராஸ், விக்டர் ஹ்யூகோவின் நாவலை வைத்து 1912இல் வந்த 'லே மிசெராப்ல' படத்தில் நாயகன் ழான் வால்ழானாக நடித்தவர். பாரமான உடம்பு, பாரமான நடை. நான் மேலே சொன்ன சிக்கல் அவரிடம்தான் மிச்சம் இருக்கிறது. மௌனப் படத்தில் அவர் வெறுமனே விலகி நிற்கிற அப்பா. அந்த விலகலில் வெறுப்பு எவ்வளவு, சோர்வு எவ்வளவு, கோழைத்தனம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குறை இன்னொன்றும் உண்டு. ரெனாரின் துண்டுகளைச் சேர்த்து முழுநீளப் படமாக்க, அண்ணன் ஃபெலிக்ஸ் ஒரு பாட்டுக்காரியின் பின்னால் அலைகிற கிளைக்கதையைச் சேர்த்திருக்கிறார்கள். ஃபெலிக்ஸ் எவ்வளவு செல்லம், எவ்வளவு உதவாக்கரை என்று காட்ட அது உதவுகிறது. அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அந்தப் பகுதி வரும்போது படம் பையனை மறந்துவிடுகிறது. தண்ணீர் குடிக்க எழுந்து போகலாம் என்று தோன்றினால் அங்கே போய்விட்டு வாருங்கள்.

இப்போது 1932. பிரான்ஸில் பேசும் படம் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மௌனப் படத்தில் வெற்றி பெற்ற கதையைச் சத்தத்தோடு மறுபடி எடுப்பது அப்போது பல பேர் செய்த வியாபாரம். துவிவியே திரும்பி வந்ததற்கு அது மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று படத்தைப் பார்த்தால் தெரியும். முந்தைய ஆண்டு 'தாவித் கோல்தெர்' படத்தில் ஹாரி போரை வைத்து அவர் தன் முதல் பேசும் படத்தை எடுத்திருந்தார். பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு நடிகர் கையில் இருந்தார். அப்பா லெப்பிக்குக்கு வேண்டியது அதுதான்.

சுற்றி எல்லாரும் சத்தம் போடுகிற வீட்டில் ஹாரி போர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் ரெனார் எழுதிய அப்பா முதல்முறையாகத் திரையில் தெரிகிறார். மனைவி ஒரு மூச்சில் இருபது வாக்கியம் பேசுகிறாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். கதவு சாத்தும் சத்தம் மட்டும். அந்த ஆளுக்கு மகன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. வீட்டில் நடப்பதைப் பார்க்க மறுக்கிறார், பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும். புதிதாக வேலைக்கு வந்த அன்னெத்து என்ற பெண் வந்த சில நாளில் கண்டுபிடித்த உண்மையை, அதே கூரையின் கீழ் வருஷக்கணக்காக இருந்தவர் கண்டுகொள்ளவில்லை. புத்தகத்தின் கடைசியில் ஒரு பேச்சு வரும். அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை என்று பையன் துணிந்து சொல்லும்போது, எனக்கு மட்டும் பிடிக்கிறது என்று நினைத்தாயா என்று அப்பா திருப்பிக் கேட்பார். பேசாதவர் பேசுகிற இடம் இது. அதற்கு முன்னால் அவர் பேசாமல் இருந்ததைக் காது கேட்டிருந்தால்தான் அது தாக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரே படம் என்றால் 1932 என்கிறேன்.

பையனாக வரும் ரொபேர் லினெனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ என்று தோற்றம். 1920இல் பிறந்தவர். அவருடைய குரலில் குழைவு இல்லை, கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் திமிர். படம் தொடங்கும்போதே பள்ளிக்கூடக் கட்டுரையில் குடும்பம் என்பதற்கு ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறான்: ஒருவரை ஒருவர் சகிக்க முடியாதவர்கள் கட்டாயத்தின் பேரில் ஒரே கூரையின் கீழ் இருப்பது. வாத்தியாருக்கு அதிர்ச்சி. பையன் அதைச் சிரிப்பு மூட்டவும் எழுதவில்லை, அழவைக்கவும் எழுதவில்லை; கணக்குக்கு விடை எழுதுவதுபோல எழுதியிருக்கிறான். லினென் படம் முழுக்க இந்தச் சுருதியை விடவில்லை. அதனால்தான் அவர் உடையும் இடங்கள் உண்மையாக உடைகின்றன.

மௌனப் படத்தின் கைப்பழக்கமும் இதில் போகவில்லை. கோழிக்கூட்டை அடைக்க இருட்டில் போகும்போது பேய்கள் சுற்றிவளைத்து ஆடுகின்றன. கோபம் தலைக்கேறிப் பையன் வண்டியை ஓட்டிக்கொண்டு, குதிரையை விளாசி விளாசிப் போகிற காட்சி ஒன்று இருக்கிறது. வசனம் கிட்டத்தட்ட இல்லை, சக்கரமும் குளம்பும் சாட்டையும்தான். இதற்கு நேர் எதிராக, ஊருக்கு வெளியே பெரியப்பா மாதிரி ஒரு ஞானத்தகப்பன் வீட்டில் கழிகிற ஒரு பகல். சின்னப் பெண் மத்தில்தும் இவனும் பூ வைத்துக்கொண்டு கல்யாணம் செய்து விளையாட, பின்னாலேயே ஆடுமாடுகள் ஊர்வலமாக வருகின்றன. இவ்வளவு கசப்பான படத்துக்குள் எப்படி இப்படி ஒரு வெயில் வந்து விழுந்தது என்று ஆச்சரியப்படுவீர்கள். இசை அலெக்சாந்தர் தான்ஸ்மன்.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் நடித்தவர்களின் பிற்கால வாழ்க்கையையும் தெரிந்துகொள்வது நல்லது, பார்ப்பதற்கு முன்னால் அல்ல, பார்த்த பிறகு. ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்தபோது லினென் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். பிடிபட்டு, 1944 ஏப்ரல் 1 அன்று கார்ல்ஸ்ரூவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 23. ஹாரி போர் 1942இல் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் மாட்டி, சித்திரவதை பட்டு, வெளியே வந்த பிறகு 1943இல் இறந்தார். திரையில் கடைசியில் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிற அப்பாவும் மகனும் ஒரு வருஷ இடைவெளியில் ஒரே கையால் போனார்கள். (பக்கத்தில் ஒரு சின்னத் தகவல்: ஹாரி போரும் 1934இல் ழான் வால்ழானாக நடித்தார். லெப்பிக்காக நடித்த இருவருக்குமே அந்த வேடம் வாய்த்திருக்கிறது.)

ஏன் 1925 முதலில், 1932 பிறகு? லினெனின் குரல் ஒரு தடவை காதில் ஏறிவிட்டால் ஓசே வாயசைக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கும். பாவம், அந்தச் சிறுவன் நகல் மாதிரி ஆகிவிடுவான். உண்மையில் அவன்தான் முந்தியவன். இந்தப் பக்கமிருந்து போனால் அந்தத் தொல்லை இல்லை. முகமாக மட்டும் பார்த்த அம்மாவுக்குக் குரல் கிடைப்பதும், வெறும் பின்னணியாக இருந்த அப்பா முன்னால் வருவதும் இரண்டாவது படத்தில் கண்டுபிடிப்பாக இருக்கும். ஒரு இயக்குநர் ஏழு வருஷத்தில் என்ன யோசித்திருக்கிறார் என்பதும் தெரியும். பாட்டுக்காரிக் கிளைக்கதையின் பாரம் குறைந்து, நீளம் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது.

ஃபெய்டரின் படம் வேறு ஜாதி. இதில் பையனை வெறுக்கிறவர்கள் யாரும் கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் வலே மலைப் பகுதியில், சேன்-லுக் என்ற ஊரையும் சுற்றுப்புறத்தையும் வைத்து 1923இல் எடுத்தது. ஊர்த் தலைவர் அம்ஸ்லரின் மனைவி இறந்துவிடுகிறாள். படம் அந்தச் சவ ஊர்வலத்தோடுதான் ஆரம்பிக்கிறது. செங்குத்தான தெருவில் கறுப்பு உடையில் ஊர் நடந்து போகிறது, மூத்த பையன் ழான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகிறான், பெட்டி குழிக்குள் இறங்கும்போது மயங்கி விழுகிறான். அந்தத் தொடக்கத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒளிப்பதிவு லியோன்ஸ்-ஆன்ரி பூரெல், பால் பார்கெல். பிறகு அப்பா மறுமணம் செய்துகொள்கிறார். வருகிற பெண்ணுக்கு ஏற்கெனவே அர்லெத் என்று ஒரு மகள். சிற்றன்னை கொடுமைக்காரி இல்லை, நல்லவள். பையனால்தான் தாங்க முடியவில்லை. சுவரில் தொங்கும் அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அவனுடைய கோபம் முழுக்க அர்லெத் மேல் திரும்புகிறது. பனிவண்டியில் போகும்போது அவள் பொம்மையை அவளுக்குத் தெரியாமல் கீழே தள்ளிவிட்டு, அது வழியில் கிடக்கிறது என்று இரவில் அவளைத் தூண்டிவிடுகிறான். அவள் தனியாகப் பனியில் இறங்கிப் போய்விடுகிறாள். பனிச்சரிவு. ஊரே பந்தம் பிடித்துக்கொண்டு தேடுகிறது. அவள் ஒரு சின்னத் தேவாலயத்துக்குள் சிக்கிக்கொண்டு கிடக்கிறாள். மீட்டுவிடுகிறார்கள், ஆனால் பையனுக்குத் தான் செய்தது தெரியும்.

துவிவியேயின் பையன் பாதிக்கப்பட்டவன், அவன் பக்கம் நாம் முதல் நிமிஷமே போய்விடுவோம். ஃபெய்டரின் பையன் தப்புச் செய்கிறவன். அன்பு கிடைக்கவில்லை என்று நினைக்கிற குழந்தை இன்னொரு குழந்தைக்கு என்ன செய்யும் என்று கேட்கிற படம் இது. அவனை வெறுக்கவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. ழான் ஃபொரெஸ்ட் என்ற அந்தச் சிறுவனை ஃபெய்டர் இதற்கு முன்னாலேயே 'க்ரேன்கெபீ' படத்தில் நடிக்கவைத்திருந்தார். மௌனப் படக் குழந்தை நடிப்பு என்றால் கண்ணை உருட்டுவது, கையைப் பிசைவது என்று நினைத்திருப்பவர்களின் எண்ணத்தை இந்தப் பையன் மாற்றிவிடுவான். மறைக்கத் தெரிந்த முகம்.

கூட்டத்துக்குக் காட்ட இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கதைக்குப் பேச்சு வேண்டியதே இல்லை என்பது. துக்கம், பொறாமை, பனி, தேடல், ஆற்று வெள்ளம், எல்லாம் கண்ணால் புரிகிறவை. எழுத்து அட்டைகளை வாசிக்கத் திணறுகிறவர்கூட இழையை விடமாட்டார். பிரெஞ்சு அட்டைகளுக்கு ஆங்கிலத் துணை எழுத்து என்ற அளவில்தான் நமக்குக் கிடைக்கும்; மௌனப் படத்தில் அது குறைவு என்பது ஒரு வசதி. 1932 படத்தில் திருமதி லெப்பிக் கொட்டுகிற வசனத்தைக் கீழே வாசித்து முடிப்பதற்குள் ஹாரி போரின் முகத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். அந்தப் படத்தை இரண்டாவது தடவை துணை எழுத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

நேரக் கணக்கு: ஃபெய்டரின் படம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், 1925 படம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எந்தப் பிரதி என்பதுதான் இதைவிட முக்கியம். மௌனப் படங்கள் இப்போதைய 24 சட்ட வேகத்தைவிட மெதுவாக ஓடவேண்டியவை. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பிரதிகளில் ஆட்கள் கோழி மாதிரி ஓடினால் உடனே நிறுத்திவிடுங்கள், அது அந்தக் காலத்து நடிப்பின் குற்றம் இல்லை. சம்பந்தமே இல்லாத பியானோ இசைத்தட்டை ஒட்டியிருந்தாலும் அப்படியே. சவ ஊர்வலத்துக்கு உல்லாச மெட்டு வந்தால் படம் செத்தது. அவ்வளவு மோசமான இசையைவிட ஒலியை அணைத்துவிடுவது மேல். இரண்டு மௌனப் படங்களுமே பிற்காலத்தில் மீட்டெடுக்கப்பட்டவை, ஃபெய்டரின் படத்தில் இரவுக்கு ஒரு வண்ணம், பனிக்கு ஒரு வண்ணம் என்று சாயமேற்றியதும் சேர்த்து. 1932 படத்தை கிரைடீரியன் நிறுவனம் 2015இல் துவிவியேயின் முப்பதுகள் என்ற தொகுப்பில், 'தாவித் கோல்தெர்' உள்ளிட்ட வேறு மூன்று படங்களோடு சேர்த்து வெளியிட்டது.

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிறுவனைப் பற்றிய படம் என்பதால் சிறுவர் படம் என்று நினைத்துவிட வேண்டாம். துவிவியேயின் இரண்டு படங்களிலும் பையன் தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறான், ஃபெய்டரின் படத்தில் ஆற்றில் விழுகிறான். மூன்றிலும் காப்பாற்றிவிடுகிறார்கள் என்றாலும், அந்த இடம் மறைக்காமல் காட்டப்படுகிறது. துவிவியேயிடம் அது கூடுதல் கடுமை: ஊர் அப்பாவைக் கொண்டாடிக்கொண்டிருக்கிற நேரத்தில் பையன் தனியாகப் போகிறான். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குக் கீழே காட்டாதீர்கள். காட்டினாலும் கூடவே உட்காருங்கள், நடுவில் நிறுத்திப் பேச நேரம் வைத்துக்கொண்டு.

இந்தக் கதையில் வேறு படங்கள் இல்லையா? இருக்கின்றன. பால் மெனியே எடுத்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. மற்ற எல்லாம் பார்த்து முடித்த பிறகு வேண்டுமானால். 1973இல் ஆன்ரி கிராசியானி வண்ணத்தில் எடுத்ததில் ஃபிலிப் நுவாரே அப்பா, மொனிக் ஷோமெத் அம்மா. நிஜத்திலும் அவர்கள் கணவன் மனைவி, நன்றாகவே பேசிக்கொண்டவர்கள்! நுவாரேக்காக ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் ஹாரி போர் கதவைச் சாத்திவிட்டுப் போனதைக் கேட்டவருக்கு நுவாரே கொஞ்சம் அதிகமாகவே அன்பானவராகத் தெரிவார்.

ஒரு திரைப்படக் குழுவுக்கு நான் நிரல் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் இப்படிப் போடுவேன்: முதல் வாரம் ஃபெய்டர், மௌனப் படத்துக்குக் கண் பழகுவதற்கு. இரண்டாவது வாரம் 1925. மூன்றாவது வாரம் 1932. ரெனாரின் புத்தகத்தை ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ வாசிக்கக் கிடைத்தால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வாசிக்கச் சொல்வேன். புத்தகத்தை வாசிக்க ஒரு மாலைக்கு மேல் ஆகாது. மூன்று வாரம் வரமாட்டோம் என்று குழுவில் முணுமுணுப்பு எழுந்தால் நடுவில் இருப்பதை எடுத்துவிடலாம். 1925 படத்தை யார் வீட்டிலாவது, அந்த அம்மாவின் முகத்துக்காக, தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.